இரவு டூட்டி பார்த்துக்கொண்டே ஆன்லைனில் பி.எஸ்.என்.: நியூயார்க் நர்ஸ்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நியூயார்க்கில் அசோசியேட் டிகிரியையோ டிப்ளமாவையோ வைத்து ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ் வாங்கியவரா நீங்கள்? அப்படியென்றால் முதலில் லைசென்ஸ் கிடைத்த தேதியை எடுத்துப் பாருங்கள். 2017 டிசம்பரில் கையெழுத்தான ஒரு சட்டம் இங்கே இருக்கிறது, நாங்கள் எல்லாரும் அதை ‘பி.எஸ்.என். இன் டென்’ என்றுதான் சொல்வோம். லைசென்ஸ் வாங்கிய பத்து வருடத்துக்குள் நர்சிங்கில் இளநிலைப் பட்டம், அதாவது பி.எஸ்.என்., முடித்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். சட்டம் வருவதற்கு முன்பே லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்கும், அப்போதே நர்சிங் படிப்பில் சேர்ந்திருந்தவர்களுக்கும் விலக்கு உண்டு. மற்ற எல்லாருக்கும் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்து வருடம் என்றால் நிறைய நேரம் மாதிரி தெரியும். ஒரு குழந்தை, ஒரு வீட்டு லோன், ஊரில் அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன் என்று வந்தால் அதில் நாலு வருடம் எங்கே போனது என்றே தெரியாது. எனக்கு அப்படித்தான் போனது.

நான் குயின்ஸில் ஒரு மருத்துவமனையில் மெட்-சர்ஜ் (பொது மருத்துவ, அறுவை சிகிச்சை நோயாளிகள்) ஃப்ளோரில் இரவு டூட்டி பார்க்கிறேன், வாரம் மூன்று ராத்திரி, ஒவ்வொன்றும் பன்னிரண்டு மணி நேரம். கம்யூனிட்டி காலேஜில் அசோசியேட் டிகிரி முடித்து வேலைக்கு வந்தவள். மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்து ஆன்லைனில் பி.எஸ்.என். முடித்தேன். அதற்கப்புறம் எங்கள் ஃப்ளோரிலேயே ஏழெட்டுப் பேருக்கு உட்கார்ந்து விண்ணப்பம் போட உதவியிருக்கிறேன். அவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது ‘அக்கா, எந்தக் காலேஜ் நல்லது’ என்றுதான். என் அனுபவத்தில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் கையில் எத்தனை கிரெடிட் (முடித்த பாடங்களைக் கணக்கிடும் அலகு) இருக்கிறது, உங்கள் வாரத்தில் எத்தனை மணி நேரம் இருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் காலேஜ் பெயரைப் பார்க்க வேண்டும். பாடம் நமக்குப் பெரிய கஷ்டம் கிடையாது. பாதியில் விட்டவர்களில் எனக்குத் தெரிந்த எல்லாருமே வாரத்தில் இடம் இல்லாமல் விட்டவர்கள்தான்.

முதல் வேலை: கிரெடிட்டை எண்ணுங்கள்

பட்டத்துக்கு மொத்தம் பொதுவாக 120 கிரெடிட். அசோசியேட் டிகிரியில் 60 முதல் 70 வரை ஏற்கெனவே இருக்கும். இதுவரை படித்த ஒவ்வொரு காலேஜிலிருந்தும், ஒரே ஒரு பாடம் படித்துவிட்டு நின்ற காலேஜாக இருந்தாலும், டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். பாடத்தின் பெயர், கிரெடிட், மதிப்பெண், வருடம். குறிப்பாக ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அது பெரும்பாலான பி.எஸ்.என். படிப்புகளுக்குக் கட்டாயம், நம் ஆட்களிடம் பெரும்பாலும் இல்லாததும் அதுதான்.

இங்கே நான் பட்ட ஒரு அடியைச் சொல்ல வேண்டும். முதலில் ஒரு காலேஜில் விசாரித்தேன். போனில் பேசிய சேர்க்கைப் பிரிவுக்காரர் ‘உங்கள் கிரெடிட் கிட்டத்தட்ட எல்லாமே எடுத்துக்கொள்வோம்’ என்று உற்சாகமாகச் சொன்னார். நம்பிச் சேர்ந்துவிட்டேன். ஆறு வாரம் கழித்து எழுத்தில் வந்த கணக்கில் அவர் சொன்னதைவிட 19 கிரெடிட் குறைவு. ஆறு பாடத்துக்கு மேல். பணத்தில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன், ஆனால் ஒரு செமஸ்டர் போனது போனதுதான். அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: எத்தனை கிரெடிட் ஏற்றுக்கொள்வார்கள் என்பது எழுத்தில், பாடம் பாடமாக வரும் வரை எங்கேயும் கையெழுத்துப் போடாதீர்கள், ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். ‘சேர்ந்த பிறகுதான் தர முடியும்’ என்றால் ‘அதிகாரபூர்வமில்லாத மதிப்பீடாவது தாருங்கள்’ என்று மின்னஞ்சலில் கேளுங்கள். நல்ல இடங்கள் தருவார்கள்.

இரண்டு சொற்கள் காதில் விழும். ஒன்று ரெசிடென்சி: அந்தக் காலேஜிலேயே கட்டாயம் படிக்க வேண்டிய கிரெடிட், பல இடங்களில் 30. இன்னொன்று எஸ்க்ரோ: உங்கள் பழைய நர்சிங் கிரெடிட்டை உடனே தராமல் நிறுத்திவைத்து, அவர்களிடம் குறிப்பிட்ட பாடங்களைத் தேறிய பிறகு கணக்கில் சேர்ப்பது. அது ஏமாற்று வேலை இல்லை, பயப்பட வேண்டாம்.

குறைகிற பொதுப் பாடங்களைக் காலேஜில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்றும் இல்லை. காலேஜ் போர்டு நடத்தும் க்ளெப் தேர்வு எழுதித் தேறினால் அந்தப் பாடத்துக்கான கிரெடிட்டைப் பல காலேஜ்கள் தருகின்றன. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அமைப்பின் இலவச ஆன்லைன் பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரையும் அவர்களே தருகிறார்கள். நான் சமூகவியல், அமெரிக்க வரலாறு இரண்டையும் இப்படித்தான் முடித்தேன், ஆறு கிரெடிட். ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு க்ளெப் கிடையாது, அதற்கு டி.எஸ்.எஸ்.டி. என்று வேறு தேர்வு இருக்கிறது. எழுதுவதற்கு முன் உங்கள் காலேஜ் எந்தத் தேர்வை, எத்தனை மதிப்பெண்ணுக்கு ஏற்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

ஊரில் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) முடித்துவிட்டு இங்கே லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு

உங்கள் டிப்ளமா ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரில் இல்லாததால் சில காலேஜ்கள் அதைப் பாடம் பாடமாக ஏற்காது. ஆனால் ஆர்.என். லைசென்ஸ் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக மொத்தமாக 30 கிரெடிட்டோ அதற்கு மேலோ தரும் காலேஜ்களும் இருக்கின்றன. தேடும்போது இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஊரில் படித்த படிப்புக்குக் காலேஜ் மதிப்பீட்டு அறிக்கை கேட்டால் ‘கோர்ஸ் பை கோர்ஸ்’ வகை வேண்டுமா, எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். சென்னையில் இருக்கும் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலிலிருந்தும் நீங்கள் படித்த பள்ளியிலிருந்தும் தாள்கள் வர நேரமாகும். ஊரில் அலைந்து வாங்கித் தர அண்ணனோ தம்பியோ இருந்தால் காலேஜ் தேடத் தொடங்கும் அன்றே சொல்லிவிடுங்கள். நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் முடித்து வந்தவர்களுக்குப் பெரும்பாலும் இந்த வேலையே தேவைப்படாது. அவர்கள் தங்கள் பட்டம் இளநிலைக்குச் சமம் என்ற மதிப்பீடு கையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இதைப் படித்துவிட்டு ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் நர்சிங் பட்டத்தை ஆன்லைனில் நடத்த யு.ஜி.சி.யின் 2020 விதிமுறைகள் இடம் தரவில்லை. ‘வீட்டிலிருந்தே பி.எஸ்சி. நர்சிங்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்துக்குப் பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் இங்கே எழுதுவது ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர் அமெரிக்காவில் மேலே படிப்பதைப் பற்றி மட்டும்.

இரண்டாவது: உங்கள் வாரத்தை வரைந்து பாருங்கள்

மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு, 15 வார செமஸ்டரில், வாரத்துக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதே பாடத்தை ஏழு, எட்டு வாரத்தில் முடிக்கும் ‘ஆக்ஸிலரேட்டட்’ முறை என்றால் அது இரட்டிப்பாகும். விளம்பரத்தில் ‘12 மாதத்தில் பட்டம்’ என்று போடுவது இந்த இரண்டாவது கணக்கு. முழு நேர வேலையோடு அதை முடித்தவர்கள் இருக்கிறார்கள், எனக்கே இருவரைத் தெரியும், இருவருக்கும் அப்போது குழந்தைகள் இல்லை.

ஆன்லைன் வகுப்பு என்றால் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்று நினைப்போம். பாதிதான் உண்மை. பெரும்பாலான வகுப்பில் ஒரு தாளம் இருக்கும்: புதன்கிழமைக்குள் கலந்துரையாடலில் உங்கள் பதிவு, ஞாயிறு இரவு 11:59-க்குள் மற்ற இரண்டு பேருக்குப் பதில், அதே ஞாயிறே பெரிய கட்டுரையும். வார இறுதி டூட்டி போட்டிருக்கும் நர்ஸுக்கு இந்த ஞாயிறுதான் கழுத்தில் கத்தி.

நான் செய்தது இது. மேனேஜரிடம் பேசி வியாழன், வெள்ளி, சனி ராத்திரியைச் சேர்த்து வாங்கினேன். ஞாயிறு காலை எட்டரைக்கு வீடு, ஒன்பதுக்குத் தூக்கம், மூன்றரைக்கு எழுந்து சாப்பிட்டுவிட்டு அந்த இரண்டு பதிலை மட்டும் எழுதுவேன், அதற்கு ஒன்றரை மணி நேரம் போதும். கனமான வேலை எல்லாம் திங்கள், செவ்வாய். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு. புதன்கிழமை வீட்டுக்கு, படிப்புக்கு இல்லை. இந்தப் புதன்கிழமையைக் காப்பாற்றியதால்தான் நான் முடித்தேன் என்று இப்போதும் நம்புகிறேன்.

ராத்திரி டூட்டி முடித்த காலையில் எதையும் எழுதி அனுப்பாதீர்கள். ஒரு தடவை அப்படிச் செய்தேன். தலையணை முதுகில், லேப்டாப் மடியில், காலை பத்து மணி. எல்லாம் அருமையாக எழுதியது போலத்தான் இருந்தது. சாயங்காலம் எழுந்து பார்த்தால் ஒரே வாக்கியம் மூன்று பத்தியில் இருந்தது, நாலாவது பத்தி பாதியில் நின்று ‘நோயாளிக்கு வலி’ என்பதோடு முடிந்திருந்தது. நல்ல வேளை, அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன்பே தூங்கிவிட்டிருந்தேன்.

ஷிஃப்ட் அட்டவணை நாலு, ஆறு வாரம் முன்னதாகவே திறக்கும் இடம் என்றால், வகுப்பின் சிலபஸ் கையில் வந்த அன்றே இரண்டையும் பக்கத்தில் வைத்து, பெரிய கட்டுரை வரும் வாரங்களிலும் கடைசி வாரத்திலும் கூடுதல் டூட்டி ஒப்புக்கொள்ளாமல் இருங்கள். ஓவர்டைம் ஆசை எல்லாருக்கும் உண்டு. அந்த வாரங்களில் மட்டும் வேண்டாம்.

மூன்றாவது: காலேஜைத் தேர்ந்தெடுப்பது

முதலில் அங்கீகாரம். நர்சிங் படிப்புக்கு சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அங்கீகாரம் இருக்கிறதா என்று அந்த அமைப்புகளின் தளத்திலேயே தேடுங்கள், காலேஜ் தளத்தில் போட்டிருக்கும் முத்திரையைப் பார்த்து நம்ப வேண்டாம். இது இல்லாத பட்டத்தோடு பிறகு மாஸ்டர்ஸுக்குப் போனால் பல இடங்களில் கதவு திறக்காது.

நியூயார்க்கில் வசிப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை பொதுப் பல்கலைக்கழகங்கள்தான். க்யூனியின் (நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம்) ஸ்கூல் ஆஃப் புரொஃபஷனல் ஸ்டடீஸ், சுனியின் (நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம்) டெல்லி, எம்பயர் ஸ்டேட் காலேஜ்கள் எல்லாவற்றிலும் ஆர்.என். ஆக இருப்பவர்களுக்கான ஆன்லைன் படிப்பு இருக்கிறது. க்யூனியில் மாநிலத்தில் வசிப்பவர் பகுதி நேரம் படித்தால் ஒரு கிரெடிட் 305 டாலர், சுனியில் 295, அதோடு கட்டணங்கள் கொஞ்சம். இதை எழுதும்போதுள்ள நிலவரம் இது, சேரும் வருடத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தனியார் காலேஜில் இதைப் போல இரண்டு மடங்கு கேட்பது சாதாரணம்.

இன்னொரு வகை, வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யூனிவர்சிட்டி மாதிரி ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம் வாங்கிக்கொண்டு, அதற்குள் எத்தனை பாடம் முடித்தாலும் சரி என்று விடும் இடங்கள். வேகமாகப் படிக்கிறவர்களுக்கும் கலந்துரையாடல் பதிவுகள் பிடிக்காதவர்களுக்கும் நல்லது. ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள்: அங்கே மதிப்பெண் கிடையாது, தேறினால் 3.0-க்குச் சமமாகக் கணக்கு வைப்பார்கள். பின்னால் மயக்க மருந்து நர்ஸ் ஆக வேண்டும் என்ற கனவு இருந்தால், அந்தப் படிப்பில் சேர்க்கும்போது ஜி.பி.ஏ.யை (சராசரி மதிப்பெண்) உற்றுப் பார்ப்பார்கள், அந்தக் கனவு உள்ளவர்களுக்கு இந்த வழி இடிக்கும்.

காலேஜிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, கம்யூனிட்டி ஹெல்த் பாடத்துக்கு வெளியே போய்ச் செய்ய வேண்டிய மணி நேரம் உண்டா, அந்த இடத்தை யார் ஏற்பாடு செய்வார்கள் என்பது. ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்றால் அந்தச் செமஸ்டருக்கு மூன்று மாதம் முன்பே தேடத் தொடங்க வேண்டும், ஒப்பந்தத் தாளில் கையெழுத்து வாங்கவே அவ்வளவு நாள் ஆகும்.

நாலாவது: பணம்

பெரும்பாலான பெரிய மருத்துவமனைகள் படிப்புச் செலவைத் திருப்பித் தருகின்றன, யூனியன் ஒப்பந்தத்திலும் இருக்கும். முதலாளி தரும் பணத்தில் வருடத்துக்கு 5,250 டாலர் வரை உங்களுக்கு வருமான வரி கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருடத்துக்கு 15 கிரெடிட், 305 டாலர் வீதம், 4,575. அந்த வரம்புக்குள்ளேயே வந்துவிடுகிறது. இதனால்தான் நான் மெதுவாகப் படிப்பதை நஷ்டமாக நினைப்பதில்லை, ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் அடைத்தால் அந்த வருடத்துக்கான பணம் மட்டும்தான் கிடைக்கும், மீதி கையிலிருந்து போகும்.

எச்.ஆரிடம் நேரில் போய்க் கேட்க வேண்டியவை: முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டுமா (பல இடங்களில் வகுப்பு தொடங்கும் முன்பே விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும், ஒரு நாள் தாமதமானாலும் கிடைக்காது), எந்த கிரேடு வாங்கினால் தருவார்கள், பணம் வாங்கிய பிறகு எத்தனை மாதம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும், இடையில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டுமா. பணம் வகுப்பு முடிந்து மதிப்பெண் வந்த பிறகுதான் வரும் என்பதால் முதல் செமஸ்டர் கட்டணத்தைக் கையில் வைத்திருங்கள்.

மத்திய அரசின் படிப்பு உதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்ஸாவும் போடுங்கள். குடிமக்களும் கிரீன் கார்டுக்காரர்களும் போடலாம், எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இல்லை. கணவன் மனைவி இருவரும் வேலை பார்க்கும் வீட்டுக்கு இலவச உதவி கிடைப்பது அரிது, ஆனால் மத்திய அரசுக் கடனுக்கு அதுதான் வழி, அதற்கும் ஒரு செமஸ்டரில் குறைந்தது ஆறு கிரெடிட் எடுத்திருக்க வேண்டும். உங்கள் கையிலிருந்து கட்டிய பணத்துக்கு லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்ற வரிச் சலுகை இருக்கிறது, செலவில் 20 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர். வருமான வரம்பு உண்டு. மருத்துவமனை வரியில்லாமல் தந்த பணத்துக்கு இதையும் சேர்த்துக் கேட்க முடியாது.

ஐந்தாவது: முதல் செமஸ்டரில் ஒரே ஒரு பாடம்

இதில் நான் பிடிவாதக்காரி. ஒன்றுதான். உங்கள் தூக்கம், வீடு, காலேஜ் தளம், மறந்துபோன கட்டுரை எழுதும் பழக்கம் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துவர ஒரு செமஸ்டர் ஆகும். அப்புறம் இரண்டு இரண்டாக எடுங்கள், கோடையில் ஒன்று. எனக்கு மீதி இருந்தது 42 கிரெடிட், 14 பாடம், இந்தக் கணக்கில்தான் மூன்று வருடத்துக்குள் முடிந்தது.

முதல் பாடமாக ஆராய்ச்சி அறிமுகத்தையோ ஸ்டாட்டிஸ்டிக்ஸையோ எடுக்க வேண்டாம். ஹெல்த் அசெஸ்மென்ட் மாதிரி தினமும் கையால் செய்யும் வேலை சம்பந்தப்பட்டது ஒன்றை எடுங்கள், அதில் கிடைக்கும் ‘ஏ’ உங்களைத் தூக்கி நிறுத்தும்.

எழுத்து வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நம்மில் பலருக்கு இங்கேதான் கை நடுங்குகிறது. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். சார்ட்டிங் (நோயாளியின் பதிவேட்டில் குறிப்பு எழுதுவது) ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் எட்டுப் பக்கக் கட்டுரை என்றதும் மூச்சு நின்றது. எனக்கு உதவியது ஒரு எளிய பழக்கம்: என்ன சொல்ல வருகிறேன் என்பதைத் தமிழிலேயே வாய்விட்டு, போனில் என் தங்கையிடம் சொல்லிவிடுவேன். அவள் நர்ஸ் இல்லை. அவளுக்குப் புரிந்தால் கட்டுரைக்கு முதுகெலும்பு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அந்த வரிசையிலேயே ஆங்கிலத்தில் எழுதுவேன்.

கட்டுரையையும் மேற்கோள்களையும் வடிவமைக்கும் ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு முறையில்தான் எழுதச் சொல்வார்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம், சரியாக வடிவமைத்த ஒரு மாதிரி ஆவணத்தைச் சேமித்து ஒவ்வொரு தடவையும் அதன் மேல் எழுதுங்கள். காலேஜின் ரைட்டிங் சென்டரும் நூலகரும் இலவசம். நூலகரிடம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து சினால், பப்மெட் என்ற ஆய்வுக் கட்டுரைத் தளங்கள் இரண்டிலும் தேடக் கற்றுக்கொண்டது எனக்கு மூன்று வருடமும் சோறு போட்டது.

ஆராய்ச்சிப் பாடத்தில் ‘பைகாட்’ கேள்வி ஒன்று உருவாக்கச் சொல்வார்கள். யாருக்கு, என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிட்டு, என்ன பலன், எவ்வளவு நாளில். தலைப்பை வானத்தில் தேடாதீர்கள், உங்கள் ஃப்ளோரில் எடுங்கள். எங்கள் ஃப்ளோரில் ராத்திரி பாத்ரூம் போக எழுந்து விழுகிற பெரியவர்கள் அதிகம். அதனால் என் கேள்வி இப்படி இருந்தது: மெட்-சர்ஜ் பிரிவில் 65 வயதைத் தாண்டியவர்களிடம் மணிக்கொரு முறை போய்ப் பார்ப்பது, கூப்பிட்டால் மட்டும் போவதைவிட, மூன்று மாதத்தில் விழுவதைக் குறைக்கிறதா? இதே கேள்வியை வைத்து மூன்று பாடங்களுக்கு எழுதினேன், ஆனால் ஒவ்வொரு தடவையும் பேராசிரியரிடம் அனுமதி கேட்டு, புதிதாக எழுதி. பழைய கட்டுரையை அப்படியே திருப்பிக் கொடுத்தால் அதுவும் காப்பி அடித்ததாகத்தான் கணக்கு.

கலந்துரையாடல் பதிவுகளில் ஒரு எச்சரிக்கை. ‘போன வாரம் எங்கள் ஃப்ளோரில் 82 வயது அம்மா, இந்த ஆபரேஷன், இந்தத் தேதி’ என்று எழுதிவிடாதீர்கள். பெயர் இல்லாவிட்டாலும் ஆளை அடையாளம் காண முடிந்தால் ஹிப்பா (நோயாளியின் தகவலைப் பாதுகாக்கும் சட்டம்) மீறல்தான். வகுப்பில் உங்கள் மருத்துவமனைக்காரர்களே நாலு பேர் இருப்பார்கள். வயதை ‘முதியவர்’ ஆக்குங்கள், தேதியை எடுத்துவிடுங்கள், எந்த மருத்துவமனை என்பதைச் சொல்லாதீர்கள்.

நடுவில் ஒரு நாள் ‘இது எதற்கு, நான் ஏற்கெனவே நல்ல நர்ஸ்தானே’ என்று தோன்றும். எனக்கு மூன்றாவது செமஸ்டரில் தோன்றியது. அந்த வாரம்தான் வகுப்பில் லிண்டா எய்கென் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வைப் படிக்கச் சொன்னார்கள். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில், பட்டம் படித்த நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடும்போது அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைந்திருந்தது. இது ஒரு தொடர்பைத்தான் காட்டுகிறது, பட்டம்தான் காரணம் என்று நிரூபிக்கவில்லை, இப்படிப் பிரித்துப் பார்க்கவும் அந்தப் பாடம்தான் சொல்லிக்கொடுத்தது. அதற்கு முன் யாராவது ‘ஆய்வு சொல்கிறது’ என்றால் தலையாட்டிவிட்டுப் போவேன். இப்போது எத்தனை பேரிடம் செய்தார்கள் என்று கேட்கிறேன், ஃப்ளோர் மீட்டிங்கிலும் கேட்கிறேன்.

கடைசிச் செமஸ்டரில் மறக்கக் கூடாதவை

பாடம் எல்லாம் முடிந்தால் பட்டம் தானாக வராது. பட்டத்துக்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் கடைசித் தேதி செமஸ்டரின் ஆரம்பத்திலேயே இருக்கும். அதற்கு ஒரு செமஸ்டர் முன்பே ஆலோசகரோடு உட்கார்ந்து டிகிரி ஆடிட் (பட்டத்துக்கு எந்தப் பாடம் முடிந்தது, எது மீதி என்ற கணக்கு) பாருங்கள். என்னோடு படித்த ஒருவருக்கு ஒரே ஒரு பொதுப் பாடம் விட்டுப்போனது கடைசி மாதத்தில்தான் தெரிந்தது.

பட்டம் பதிவான அன்றே அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்டில் மூன்று பிரதி கேளுங்கள். ஒன்று மாநில லைசென்ஸ் அலுவலகத்துக்குத் தேவைப்படும்போது அனுப்ப, ஒன்று உங்கள் கோப்பில். மூன்றாவதை அந்த வாரமே எச்.ஆர். கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு மின்னஞ்சல் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டத்துக்கான கூடுதல் சம்பளம் உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், பல இடங்களில் அது தாள் போய்ச் சேர்ந்த தேதியிலிருந்துதான் கணக்காகும். எங்கள் ஃப்ளோரில் ஒரு அக்கா பட்டம் வாங்கி ஐந்து மாதம் கழித்துக் கொடுத்தார், அந்த ஐந்து மாதப் பணம் வரவே இல்லை.